ஈர்ப்பும் சபலமும்

இம்மாதம் இரண்டு சொற்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். மார்க்கச் சட்டம் பேச வேண்டிய பக்கத்தில் சொல்லாராய்ச்சி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இவ்விரண்டு சொற்களையும் ஒன்றென்று எண்ணியதால் ஒரு வாலிபர் ஏறக்குறைய நான்கு மாத காலம் பள்ளிவாசலின் படி மிதிக்காமல் இருந்தார். அப்படி எண்ணும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் வேறு யாருமல்ல, நான்தான்.

பரமத்தி வேலூரில் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து நான் புறப்படும் நேரம். நாமக்கல்லில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் தம்பி அவர். தினமும் பஸ்ஸில் போய்த் திரும்புகிறவர். ஐந்து வேளையில் மூன்று வேளையாவது ஜமாஅத்தில் காணக்கூடியவர். தயங்கித் தயங்கி அருகில் வந்து, "ஹஜ்ரத், இங்கிலீஷில் டெம்ப்டேஷன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அட்ராக்‌ஷன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது. ரெண்டும் ஒண்ணுதானா? மார்க்கத்தில் ரெண்டுக்கும் ஒரே சட்டந்தானா?" என்று கேட்டார். எனக்கு அன்று ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போக வேண்டிய அவசரம். "ரெண்டும் ஷைத்தானுடைய வேலைதான் தம்பி. மனசைச் சுத்தமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

அதன் பிறகு அவரைக் காணவில்லை. வேலை மாறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மாதம் கழித்து வாழைத்தார் ஏலம் நடக்கும் இடத்தருகே எதிர்ப்பட்டார். ஸலாம் சொன்னார், நிற்காமல் நகரப் பார்த்தார். கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டேன். "நீங்க சொன்னீங்களே ஹஜ்ரத், என் மனசு ஷைத்தான் குடியிருக்கிற மனசுன்னு. அந்த மனசோட வந்து ஸஃப்புல நின்னா அது நயவஞ்சகம் இல்லையா? அதனாலதான் வர்றதில்லை" என்றார்.

நான் அப்படிச் சொல்லவில்லை என்று வாதாடியிருக்கலாம். ஆனால் அவர் காதில் விழுந்தது அதுதான். அன்றிரவு கிதாபுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழாண்டுக் காலம் மதரஸாவில் ஓதி ஸனது வாங்கிய ஒருவன், ஒரு வாலிபருடைய ஒற்றைக் கேள்விக்குப் பதில் தேடி உட்கார்ந்த கதையை மறைக்காமல் சொல்வதே நல்லதென்று எழுதுகிறேன்.

முதலில் அவர் கேட்ட ஆங்கிலச் சொற்களையே பார்ப்போம். எனக்கு அம்மொழியில் தேர்ச்சியில்லை. எங்களூரில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் கேட்டேன். அட்ராக்‌ஷன் என்பதன் வேர் லத்தீன் மொழியில், 'தன் பக்கம் இழுத்தல்' என்ற பொருளுடையதாம். டெம்ப்டேஷன் என்பதன் வேரும் லத்தீன்தான். ஆனால் அதன் பொருள் இழுப்பதல்ல, 'தொட்டுப் பார்த்தல், சோதித்துப் பார்த்தல்' என்பதாம். இதைக் கேட்டதும் நான் திடுக்கிட்டேன். ஏனென்றால் அரபியில் பித்னா என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் அதுவேதான். தங்கத்தை நெருப்பில் இட்டு, அதன் மாற்று எவ்வளவு என்று பார்ப்பதற்கே அரபிகள் அந்தச் சொல்லை முதலில் ஆண்டார்கள் என்று திருக்குர்ஆன் அகராதி எழுதிய இமாம் ராகிப் இஸ்ஃபஹானி (ரஹ்) சொல்லுகிறார்கள். இரண்டு தூரதேசத்து மொழிகள், சோதனை என்ற ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

தமிழிலும் இந்த வேறுபாடு இல்லாமலில்லை. ஈர்ப்பு என்றால் இழுப்பு. காந்தம் இரும்பை ஈர்க்கிறது, அதில் பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை. சபலம் என்பது வேறு. அது உறுதியற்று ஆடுகிற நிலை. "மனசுல ஒரு சபலம் தட்டிச்சு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, ஒரு வேலி இருந்தது, வேலிக்கு அப்பால் ஒரு பொருள் இருந்தது, தாண்டலாமா வேண்டாமா என்று மனம் ஆடியது என்பதெல்லாம் அதில் அடக்கம். வேலியே இல்லாத இடத்தில் சபலம் என்ற பேச்சுக்கு இடமில்லை. தன் தோட்டத்துத் தென்னையில் இளநீரைப் பார்த்து ஒருவனுக்கு ஆசை வந்தால் அது ஆசை. பக்கத்துத் தோட்டத்துக் குலையைப் பார்த்து, காவல்காரன் இருக்கிறானா என்று திரும்பிப் பார்த்தானே, அது சபலம். இளநீர் இரண்டிலும் ஒன்றுதான், தாகமும் ஒன்றுதான்.

கோடைக் காலத்தில் ரமலான் வருகிற ஆண்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். நோன்பு வைத்த பிள்ளைகள் காவிரிக்கோ ராஜவாய்க்காலுக்கோ குளிக்கப் போவார்கள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி உடம்பில் பட்டவுடன் தொண்டை தானாக ஏங்கும். அந்த ஏக்கத்தால் நோன்பு முறியுமா? முறியாது. ஏக்கம் இருப்பதால்தான் அது நோன்பு. ஆனால் தண்ணீருக்குள் முங்கி ஒரு வாய் குடித்தால் யாருக்குத் தெரியும் என்று ஒரு பையன் கணக்குப் போடத் தொடங்குகிறானே, அங்கேதான் கதை மாறுகிறது. (நம்மில் பலரும் சிறு வயதில் அந்தக் கணக்கைப் போட்டவர்கள்தாம். சிரிக்க வேண்டாம்.)

இனி அருள்மறைக்கு வருவோம். தஸ்யீன், அதாவது அழகுபடுத்திக் காட்டுதல் என்ற சொல் திருக்குர்ஆனில் எத்தனை இடங்களில், யார் யாரைக் குறித்து வருகிறது என்று கவனித்தால் ஆச்சரியமாக இருக்கும். பூமியின் மேல் உள்ளவற்றை அதற்கு அலங்காரமாக ஆக்கியவன் தானே என்றும், மனிதர்களில் யார் அழகிய செயல் செய்கிறார் என்று சோதிப்பதற்காகவே அப்படி ஆக்கியதாகவும் அல்லாஹ் சொல்லுகிறான் (18:7). ஈமானை விசுவாசிகளுக்குப் பிரியமானதாக்கி, அவர்களுடைய உள்ளங்களில் அதை அழகுபடுத்தியவனும் தானே என்கிறான் (49:7). அதே சொல்லை எடுத்துக்கொண்டுதான் இப்லீஸும் இறைவனிடம் சபதம் செய்கிறான், பூமியில் மனிதர்களுக்கு வழிகேட்டை அழகாக்கிக் காட்டுவேன் என்று (15:39). பெண்கள், பிள்ளைகள், குவியல் குவியலான பொன், வெள்ளி, உயர்ந்த குதிரைகள், கால்நடைகள், வயல்கள் ஆகியவற்றின் மேலுள்ள ஆசை மனிதர்களுக்கு அழகாக்கப்பட்டிருக்கிறது என்று ஆல இம்ரான் அத்தியாயத்தில் வரும் இடத்தில் (3:14) அழகாக்கியவர் யார் என்று பெயர் சொல்லப்படவில்லை. அல்லாஹ்வா, ஷைத்தானா என்று விரிவுரையாளர்கள் இரு தரப்பாகப் பேசியிருக்கிறார்கள். படைப்பிலும் இயல்பிலும் அழகை வைத்தவன் அல்லாஹ், ஹலாலின் எல்லைக்கு வெளியே அதற்குச் சாயம் பூசுகிறவன் ஷைத்தான் என்று இரண்டையும் இணைத்துச் சொன்னவர்களின் கருத்தே என் மனதுக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சாயம் என்றதும் நம் ஊர்ப் பக்கத்து விஷயம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பரமத்தி வேலூர் வட்டாரத்தில் கரும்பு விளைகிறது. ஆலைக் கொட்டகைகளில் சாற்றைக் கொப்பரையில் காய்ச்சி, அழுக்கை எடுத்து, பாகைத் திரட்டி, உருண்டையாகவும் அச்சாகவும் வெல்லம் செய்கிறார்கள். முப்பது கிலோ சிப்பங்களாகக் கட்டி, பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குக் கொண்டுபோகிறார்கள். ஒழுங்காகக் காய்ச்சிய வெல்லம் பார்வைக்குப் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் வாங்குகிறவருக்கு வெளுப்பாக, பளிச்சென்று இருக்க வேண்டும். இதற்காகச் சிலர் ஹைட்ரோஸ் என்கிற ரசாயனத் தூளைச் சேர்க்கிறார்கள். சிலர் கரும்புச் சாற்றோடு வெள்ளைச் சர்க்கரையையும் கொட்டுகிறார்கள். உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கொட்டகைகளில் சோதனை செய்து மூட்டைகளைப் பறிமுதல் செய்வதைச் செய்தித்தாளில் படிக்கிறோம். நேர்மையாகக் காய்ச்சுகிற விவசாயி, தன் சரக்கு கறுப்பு என்று குறைந்த விலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இப்போது சிந்தியுங்கள். வெல்லத்தில் இனிப்பை வைத்தவன் யார்? அல்லாஹ். எறும்பும் குழந்தையும் அதை நாடிப் போவது எதனால்? அந்த இனிப்பினால். இது ஈர்ப்பு. இனிப்புக்குத் தொடர்பே இல்லாத வெளுப்பைக் காட்டி, கெடுதலை நல்ல சரக்கென்று நம்ப வைப்பது இருக்கிறதே, இதுதான் இப்லீஸ் சபதமிட்ட தஸ்யீன். அவனால் இனிப்பைப் படைக்க முடியாது. ஒரு துளி இனிப்பைக்கூட அவன் படைத்ததில்லை. அல்லாஹ் படைத்த இனிப்பின் மேல் அவன் நிறம் ஏற்றுகிறான், அவ்வளவுதான் அவனுடைய தொழில். வெல்லத்தைப் பார்த்து ஆசைப்பட்ட குழந்தையை, நீ ஹைட்ரோஸ் கலந்தவன் என்று யாராவது அடிப்பார்களா? அந்தத் தம்பிக்கு நான் செய்தது அதுதான்.

பெருமானார் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள் பாருங்கள். ஹஜ்ஜத்துல் விதாவின்போது வாலிபரான ஃபழ்லு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் நபியவர்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருக்கிறார்கள். கஸ்அம் கோத்திரத்தைச் சேர்ந்த ஒரு பெண்மணி, தன் முதிய தந்தைக்காக ஹஜ் செய்யலாமா என்று சட்டம் கேட்க வருகிறார். வாலிபர் அப்பெண்ணைப் பார்க்கிறார், அப்பெண்ணும் வாலிபரைப் பார்க்கிறார். நபியவர்கள் ஃபழ்லுடைய முகத்தைத் தம் கையால் மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்கும் பதில் சொன்னார்கள் (புகாரி). இவ்வளவுதான். உன் உள்ளம் அசுத்தம் என்று சொல்லவில்லை. வாகனத்திலிருந்து இறங்கு என்று சொல்லவில்லை. ஹஜ்ஜின் புனித நாட்களில் இப்படியா என்று கூட்டத்தின் நடுவே அவமானப்படுத்தவில்லை. முகத்தைத் திருப்பினார்கள், பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள். நான் அந்த ஹதீஸைப் பலமுறை மிம்பரில் சொல்லியிருக்கிறேன். சொன்னேனே தவிர, எனக்கு அது விளங்கியிருக்கவில்லை.

முதல் பார்வை உனக்குரியது, அதைத் தொடரும் இரண்டாம் பார்வை உனக்குரியதல்ல என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் செய்த உபதேசமும் (அபூதாவூத், திர்மிதி) இந்த வேறுபாட்டையே காட்டுகிறது. முதல் பார்வையில் இழுப்பு இருந்தால் அது கணக்கில் இல்லை. இரண்டாவது பார்வை நாமே தேடிப் போய்ப் பார்ப்பது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலுள்ள அந்தக் கணநேரத்தில்தான் ஈர்ப்பு சபலமாக மாறுகிறது.

நபியவர்களுக்கே வேலைப்பாடு நிறைந்த ஓர் ஆடை அன்பளிப்பாக வந்தது. அதை அணிந்து தொழுதார்கள். அதன் பூவேலைப்பாட்டில் பார்வை சென்றது. தொழுகை முடிந்ததும், இதை அபூ ஜஹ்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரிடமுள்ள வேலைப்பாடில்லாத தடித்த துணியை வாங்கி வாருங்கள் என்றார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தியும் புகாரியில் உள்ளது. பூவேலை ஹராம் என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. கொடுத்தவரின் மனம் நோகாமல் வேறொரு துணியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஈர்ப்பது பாவமில்லை, ஆனால் ஈர்க்கிற பொருளைத் தொழுகிற இடத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. எவ்வளவு நிதானமான வைத்தியம்!

யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த அத்தியாயத்தில் அந்தப் பெண்மணியின் செயலுக்கு அல்லாஹ் ஆளுகிற சொல் முராவதா. ஒருவர் விரும்பாததை அவர் விரும்பும்படி செய்வதற்காக, மெல்ல மெல்ல, போய்ப் போய்த் திரும்பி வந்து முயல்வதற்கு அரபியில் இப்படிச் சொல்லுவார்கள். மேய்ச்சல் நிலம் தேடிப் போகிறவனுக்கு அரபியில் உள்ள பெயரும் இதே வேரிலிருந்து வந்ததே. வேடிக்கை என்னவென்றால், பின்னால் யூஸுஃப் நபியின் சகோதரர்கள், தம்பியை அனுப்பும்படி தகப்பனாரிடம் பேசிப் பார்க்கிறோம் என்று சொல்லும் இடத்திலும் (12:61) இதே சொல்தான். ஆகவே இச்சொல்லின் உயிர் இச்சையில் இல்லை, மற்றவருடைய விருப்பத்தோடு மல்லுக்கு நிற்பதில் இருக்கிறது. ஈர்ப்புக்கு இரண்டு கட்சி வேண்டியதில்லை, அது ஒரு நெஞ்சுக்குள்ளேயே முடிந்துவிடும். சபலமூட்டுவதற்கு ஒருவர் வேண்டும், அல்லது நம்முடைய நஃப்ஸே அந்த ஒருவராக மாறிக்கொள்ளும்.

அடுத்து, அவள் அவரை நாடினாள், அவரும் நாடியிருப்பார், தம் இரட்சகனின் அத்தாட்சியைக் காணாதிருந்தால், என்ற கருத்தில் வரும் வசனம் (12:24). இதைப் பற்றி அறிஞர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு சாரார் தரும் உவமை இது: கடும் வெயிலில் நோன்பு வைத்தவர் குளிர்ந்த நீரைக் காண்கிறார். அவருடைய இயல்பு அதை நாடும், அவருடைய மார்க்கம் அவரைத் தடுக்கும். இதில் அவருக்குக் குற்றமில்லை, கூலியே உண்டு. (நம் ராஜவாய்க்கால் பையனைவிட அழகான உவமை.) பிறகு நகரத்துப் பெண்கள் கூடியபோது யூஸுஃப் நபி கேட்ட துஆவைக் கவனியுங்கள். சிறைச்சாலையே எனக்கு விருப்பமானது, இவர்களுடைய சூழ்ச்சியை நீ என்னைவிட்டுத் திருப்பாவிட்டால் நான் இவர்கள்பால் சாய்ந்துவிடுவேன் என்று இறைஞ்சுகிறார்கள் (12:33). எனக்கு எந்த ஈர்ப்பும் இல்லை, நான் கல் என்று அவர்கள் சொல்லவில்லை. சாய்ந்துவிடுவேன் என்றார்கள். நபிமார்கள் பாவத்தைவிட்டுப் பாதுகாக்கப்பட்டவர்கள். அப்படிப்பட்டவர்களே தம் பலத்தின் மேல் நம்பிக்கை வைக்காமல் அல்லாஹ்வின் கதவைத் தட்டினார்கள். என்னுடைய தம்பியோ சாய்கிற மனம் தமக்கு இருக்கிறதே என்று கண்டவுடன் அல்லாஹ்வின் கதவைவிட்டு விலகிப் போனார். ஷைத்தானுக்கு இதைவிட என்ன இலாபம் வேண்டும்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில், உள்ளத்தின் விந்தைகளைப் பற்றிய பாகத்தில், செயலுக்கு முன் உள்ளத்தில் நிகழ்வதை நான்கு படிகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் எண்ணம் வந்து விழுகிறது. அடுத்து இயல்பு அதன் பக்கம் சாய்கிறது. மூன்றாவது, இதைச் செய்யலாம் என்று உள்ளம் தீர்ப்புக் கொடுக்கிறது. நான்காவது, செய்வதென்று துணிகிறது. முதல் இரண்டுக்கும் மனிதன் பிடிக்கப்பட மாட்டான், ஏனெனில் அவை அவன் அழைத்து வந்தவை அல்ல. மூன்றாவதில், தானாக வந்ததற்கும் தானே வரவழைத்ததற்கும் வேறுபாடு உண்டு. நான்காவதற்கு அவன் பொறுப்பாளி, ஆனால் அல்லாஹ்வுக்கு அஞ்சி அதைக் கைவிட்டால் அதுவே ஒரு நன்மையாக எழுதப்படும். இதுதான் இமாமவர்களின் விளக்கம். சமுதாயத்தினரின் உள்ளத்தில் எழுபவற்றை, அவர்கள் பேசாமலும் செய்யாமலும் இருக்கும்வரை அல்லாஹ் மன்னித்துவிட்டான் என்ற நபிமொழியும் (புகாரி, முஸ்லிம்) இங்கே துணை நிற்கிறது. அந்தத் தம்பி நின்றிருந்தது இரண்டாம் படியில். நான் அவரை நான்காம் படியில் நிறுத்தித் தண்டித்துவிட்டேன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு, அப்படியானால் மனம் எங்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று யாரும் கால் நீட்டிக்கொள்ள வேண்டாம். மூன்றாம் படியில் வெகு நிம்மதியாகக் குடியிருக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சபலம் என்ற உணர்வே இருக்காது. ஏனென்றால் தீர்ப்பு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. பெண்ணைப் பற்றிய எண்ணம் வந்தால்தான் சபலம் என்று நாம் நினைத்துப் பழகிவிட்டோம். பணத்தின் சபலத்துக்கு நாம் 'சாமர்த்தியம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

2012ஆம் ஆண்டு பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் நடத்திய நிறுவனங்கள் சரிந்ததை நம் கொங்கு மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். இலட்சக்கணக்கில் பணம் கட்டினால் குஞ்சுகள் தருவோம், கொட்டகை போட்டுத் தருவோம், மாதாமாதம் பராமரிப்புத் தொகை தருவோம், ஆண்டுக்கு ஒரு போனஸ், முடிவில் கட்டிய பணமும் திரும்ப வரும் என்றார்கள். சினிமாக்காரர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள். ஈரோடு, சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நகையை விற்றும் நிலத்தை அடகு வைத்தும் கட்டினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் எல்லாம் வெளிவந்தது. நிறுவனத்தார் ஓடினார்கள். தீவனம் போட ஆளின்றிப் பறவைகள் பட்டினி கிடந்தன, அரசாங்கம் தலையிட வேண்டியதாயிற்று. வருமானம் வேண்டும் என்ற நாட்டம் ஈர்ப்பு, அதில் தவறில்லை. பிள்ளைகுட்டிக்காரனுக்கு அது கடமையும்கூட. பறவை வளர்ப்பும் தவறில்லை, நாமக்கல் மாவட்டமே கோழியில் வாழ்கிறது. ஆனால் நஷ்டம் என்பதே கிடையாது, மாதம் தவறாமல் வரும், முதலும் பத்திரம் என்று ஒருவன் சொன்னபோது, வியாபாரம் என்றால் இலாபமும் நஷ்டமும் சேர்ந்ததுதானே என்று கேட்டிருக்க வேண்டிய நாம் கேட்கவில்லை. முதலுக்கு உத்தரவாதம் கொடுத்து மாதத்தொகையும் தருகிற பங்குத் தொழில் நம்முடைய ஃபிக்ஹில் கிடையாது. அந்த வேலியைத் தெரிந்தவர்களும் தாண்டினார்கள்.

பத்ருப் போர் நாளில் ஷைத்தான் காஃபிர்களுக்கு அவர்களுடைய செயலை அழகாக்கிக் காட்டி, இன்று உங்களை வெல்ல யாருமில்லை, நான் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று தைரியம் சொன்னான். இரு படைகளும் நேருக்கு நேர் கண்டவுடன் குதிகால் பின்வாங்கி, எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்று ஓடினான். இது அன்ஃபால் அத்தியாயத்தில் வரும் செய்தி (8:48). ஏஜெண்டுகளின் கைபேசி அணைந்துபோன அந்த ஆகஸ்டு மாதத்தில் இந்த வசனத்தை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோமோ!

லாட்டரியும் அப்படித்தான். 1968இல் தமிழக அரசே தொடங்கியது, 2003இல் அரசே தடை செய்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் தெருமுனையில் விற்றார்கள். இப்போது சீட்டாட்டம் கைபேசிக்குள் வந்து, முதலில் சிறிது ஜெயிக்க விட்டு, பிறகு வீட்டை விற்க வைத்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. தமிழக அரசு 2022இல் சட்டம் இயற்றியது. மத்திய அரசும் 2025 ஆகஸ்டில் பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுத்துச் சட்டம் நிறைவேற்றியது. சட்டம் வேலி போடலாம். வேலியைப் பார்த்து மனம் ஆடுவதை நிறுத்தச் சட்டத்தால் ஆகாது.

இவற்றையெல்லாம் திரட்டிக்கொண்டு அந்தத் தம்பியைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போனேன். அவருடைய அத்தா வரவேற்று உட்கார வைத்தார். நாங்கள் இருவரும் திண்ணையில் தனியாகப் பேசினோம். விஷயம் நான் ஊகித்ததுதான். அலுவலகத்தில் எதிர் மேசையில் வேலை பார்க்கும் ஒரு பெண். நல்ல குணமுடையவராம். இருவரும் கணக்கைத் தவிர வேறு பேசியதில்லை. இவர் உள்ளம் மட்டும் இவருடைய பேச்சைக் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, இங்கிலீஷ் வார்த்தையைச் சாக்காக வைத்துக்கொண்டு என்னிடம் கேட்க வந்திருக்கிறார். நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஃபழ்லு (ரலி) அவர்களுடைய செய்தியைச் சொன்னேன். யூஸுஃப் நபியின் துஆவைச் சொன்னேன். சொல்லக்கூட வாய் கூசும் எண்ணங்கள் எங்கள் உள்ளத்தில் வருகின்றனவே என்று ஸஹாபாக்கள் முறையிட்டபோது, அந்தக் கூச்சமே தெளிவான ஈமான் என்று நபியவர்கள் கூறியதைச் (முஸ்லிம்) சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்ப வேலையை விட்டுறணுமா ஹஜ்ரத்?" என்று கேட்டார்.

"ஏன் விடணும்? மேசையை மாத்தச் சொல்லிக் கேளுங்க. முடியலைன்னா உட்கார்ற பக்கத்தை மாத்துங்க. நபியவங்க முகத்தைத் திருப்பினாங்க, ஆளை இறக்கிவிடலை" என்றேன்.

பிறகு அவருடைய அத்தாவிடம் வேறொரு பேச்சு இருந்தது. வசதியுள்ள வாலிபர்கள் மணமுடித்துக்கொள்ளட்டும், இயலாதவர் நோன்பு நோற்கட்டும் என்பது நபியவர்கள் வாலிபர்களுக்குச் சொன்னது (புகாரி, முஸ்லிம்). நாமோ மாடி வீடு கட்டி முடியட்டும், தங்கையின் நகைக் கடன் அடையட்டும், இத்தனை பவுன் போடுகிற இடமாக வரட்டும் என்று பிள்ளைகளை முப்பது வயதைத் தாண்டி நிறுத்தி வைக்கிறோம். பெண்மக்களும் அப்படியே காத்துக் கிடக்கிறார்கள், அவர்களுக்கும் உள்ளம் உண்டு என்பதை மிம்பரில் யாரும் சொல்வதில்லை. ஹலாலான கதவைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு, பிள்ளை ஜன்னலில் எட்டிப் பார்க்கிறான் என்று பெற்றோர் குறைப்படுவது எந்த நியாயம்? இதை அவருடைய அத்தாவிடம் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "மாடி பாதியில நிக்குதே ஹஜ்ரத்" என்று மட்டும் சொன்னார். நான் மாடியைப் பார்த்தேன். கம்பிகள் மழையில் துருப்பிடித்திருந்தன.

விடைபெறும்போது தம்பி கூடவே தெரு முனைவரை வந்தார். "ஹஜ்ரத், இதையெல்லாம் அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல, சாதாரணமாகத்தான் கேட்டார். "அன்னிக்கு எனக்குத் தெரியாது தம்பி" என்றேன். அதுதான் உண்மை.

பேசிக்கொண்டே பள்ளிவாசல் வாசலுக்கு வந்துவிட்டோம். மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மோதினார் பாய் ஒலிபெருக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஹவுளின் பக்கம் போனார்.